எங்கள் ஊர்ச் செயலியில் எழுத்தும் அலங்காரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்துக்கும் சுற்றியுள்ள தோட்டங்களுக்கும் சேர்த்து நாங்கள் சிலர் ஓர் அறிவிப்புச் செயலி நடத்துகிறோம். கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளிச் செய்தி, துக்க அறிவிப்பு, கூட்டுப்பணி எல்லாம் அதில் வரும். முன்பு விடியற்காலையில் தோட்டத் தொழிலாளர்கள் கூடும் பிரட்டுக்களத்தில் கிராணி (தோட்டக் கணக்கர்) வாய்விட்டுச் சொன்ன சேதி, கோயில் பலகையில் பசை தடவி ஒட்டிய தாள், இரண்டும் இப்போது கைபேசித் திரைக்கு வந்துவிட்டன.

அறிவிப்பு அனுப்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றையும், எங்களுக்கு நிரல் எழுதித் தருகிற இளையவர்கள் கேட்பவற்றையும் இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். நிரல் தெரியாதவர்கள் நடுவில் வரும் சில பதில்களைத் தாண்டிப் போகலாம்.

கேள்வி: அழகான போஸ்டர் செய்து வைத்திருக்கிறோம். அதை அப்படியே படமாகப் போட்டால் போதாதா?

போஸ்டரைத் தாராளமாகப் போடுங்கள். ஆனால் அதில் உள்ள செய்தி முழுவதையும் எழுத்தாகவும் கொடுங்கள். இதில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை.

காரணத்தைச் சொல்கிறேன். செம்பனைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கும் ஒரு பாட்டி, கைபேசி அமைப்பில் எழுத்தை மிகப் பெரிதாக வைத்திருக்கிறார். எழுத்தாக வரும் அறிவிப்பு அவருக்குத் தானாகப் பெரிதாகும், வரியும் திரைக்கேற்ப மடங்கிக்கொள்ளும். படத்துக்குள் இருக்கும் எழுத்து பெரிதாகாது. விரல்களால் இழுத்துப் பெரிதாக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடும். தீமிதி எத்தனை மணிக்கு என்று பார்க்க அவர் படத்தை இடமும் வலமுமாகத் தள்ளிக்கொண்டே இருப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மணி கிடைத்தபோது தேதி எங்கே என்று தெரியவில்லை. அன்றைக்குத்தான் இந்த விதியை வைத்தோம்.

அப்புறம், பார்வை இல்லாதவர்களுக்குக் கைபேசி வாசித்துச் சொல்வது எழுத்தைத்தான். படத்தில் உள்ள தொலைபேசி எண்ணைத் தொட்டு அழைக்க முடியாது. அடுத்த மாதம் தேடினால் அந்த அறிவிப்பு அகப்படாது. உள் தோட்டங்களில் இணையம் ஒரு கோட்டில்தான் நிற்கும். ஆயிரம் எழுத்துள்ள தமிழ் அறிவிப்பு ஏறக்குறைய 5 கிலோபைட், போஸ்டர் படமோ பல நூறு கிலோபைட். எழுத்து வந்து சேர்ந்துவிடும், படம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: வடிவமைத்த எழுத்து என்று சொல்கிறீர்களே, அது என்ன?

எழுத்து ஒன்று, அதன் மேல் போட்ட நகை ஒன்று. எது தலைப்பு, எது தடித்த எழுத்து, எது பட்டியல், எதைத் தொட்டால் எங்கே போகும் என்ற குறிப்புகள்தாம் அந்த நகை. செயலி இரண்டையும் சேர்த்துத் திரையில் வரைகிறது. நகையைக் கழற்றினாலும் எழுத்து முழுசாக இருக்க வேண்டும். கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒன்றிலிருந்தே வருகின்றன.

கேள்வி: வாட்சாப்பில் நட்சத்திரக் குறி போட்டால் தடித்து வருகிறது. இங்கேயும் வருமா?

வரும். ஆனால் முதல் சில மாதங்கள் வரவில்லை, அதற்கான காரணத்தை நிரல் எழுதுகிற தம்பி தங்கைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாங்கள் முதலில் மார்க்டவுன் முறையை அப்படியே எடுத்துக்கொண்டோம். ஜான் குரூபர் 2004-இல் வெளியிட்ட முறை அது. சாதாரண விசைக்குறிகளாலேயே தலைப்பும் பட்டியலும் குறிக்கலாம் என்பதால் எங்கும் பரவிவிட்டது. அதில் ஒற்றை நட்சத்திரம் போட்டால் சாய்வெழுத்து, இரட்டை நட்சத்திரம் போட்டால் தடித்த எழுத்து. புலனம் என்று நாம் சொல்லும் வாட்சாப்பிலோ ஒற்றை நட்சத்திரமே தடித்த எழுத்து. நம் ஊரில் எல்லாருடைய விரலும் புலனத்தில்தான் பழகியிருக்கிறது. ஆகவே ஆலயச் செயலாளர் *பால்குடம்* என்று அனுப்பினார், செயலி அதைச் சாய்த்துக் காட்டியது. தமிழில் சாய்வெழுத்து மரபில் இல்லை, பல எழுத்துருக்களில் அதற்கென்று தனி வடிவமும் இல்லை. கருவி நேரான எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்க்கும். பார்க்கக் காற்றில் சாய்ந்த வேலி மாதிரி இருக்கும்.

இதைவிடப் பெரிய வினை எண்களில் வந்தது. திருவிழா அதிர்ஷ்டக் குலுக்கின் பரிசு எண்களை ஒருவர் வரிக்கு ஒன்றாக அனுப்பியிருந்தார்: 12. என்று ஒரு வரி, 47. என்று அடுத்த வரி, 85. என்று அதற்கடுத்த வரி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பரிசின் பெயர். வரியின் தொடக்கத்தில் எண்ணும் புள்ளியும் இடைவெளியும் வந்தால் மார்க்டவுன் அதை வரிசைப் பட்டியல் என்று எடுத்துக்கொள்ளும். முதல் எண்ணை மட்டும் மதிக்கும், மற்றவற்றைத் தானே அடுத்தடுத்து எண்ணிக்கொள்ளும். திரையில் வந்தது 12, 13, 14. பதின்மூன்றாம் எண் சீட்டு வைத்திருந்த குடும்பம் சீட்டோடு கோயிலுக்கே வந்துவிட்டது. அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அன்றிரவே அந்த விதியை எடுத்துவிட்டோம்.

இப்போது எங்கள் செயலியில் ஒற்றை நட்சத்திரமும் தடிக்கும், இரட்டையும் தடிக்கும். எண் போட்டால் போட்ட எண்ணே நிற்கும். சாய்வெழுத்து கிடையாது.

கேள்வி: துக்க அறிவிப்பில் பிள்ளைகளின் பெயர்களை வரி வரியாக எழுதினேன். எல்லாம் ஒரே வரியில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஏன்?

மன்னிக்க வேண்டும் ஐயா. இதுவும் மேலே சொன்ன முறையின் பழக்கம்தான். மார்க்டவுனில் ஒரு முறை மட்டும் வரியை மடக்கினால் அது வெறும் இடைவெளியாகிவிடும்; ஒரு வெற்று வரி விட்டால்தான் புதிய பத்தி. இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல்லிலும் அப்படியே, மடக்கியதைத் தனிக் குறியால் சொல்லாவிட்டால் காணாமல் போகும்.

நம் துக்க அறிவிப்பில் வரிக்கு ஒரு பொருள் உண்டு. மகன், மருமகள் ஒரு வரி. மகள், மருமகன் ஒரு வரி. பேரப்பிள்ளைகள் ஒரு வரி. அவை ஒட்டிக்கொண்டால் யாருக்கு யார் என்ன உறவு என்பதே மாறிவிடும். இப்போது நீங்கள் மடக்கிய இடத்தில் செயலியும் மடக்கும். நல்லுடல் எடுக்கும் நேரத்தையும் கருமக்கிரியை நாளையும் தனித்தனி வரியில் எழுதுங்கள், அப்படியே வரும்.

கேள்வி: வேர்டு கோப்பிலிருந்து ஒட்டினேன். என் கைபேசியில் தெரிகிறது, மகன் கைபேசியில் வெறும் கறுப்பாக இருக்கிறது.

உங்கள் மகன் திரையை இருள்நிலையில் வைத்திருக்கிறார். வேர்டிலிருந்து ஒட்டும்போது எழுத்தோடு அதன் நிறம், அளவு, எழுத்துருப் பெயர் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் கூடவே வரும். நிறம் கறுப்பு என்று எழுதியே வந்திருக்கும். கறுப்புப் பின்னணியில் கறுப்பு எழுத்து எப்படித் தெரியும்?

இப்போது ஒட்டும்போதே நிறம், அளவு, எழுத்துரு மூன்றையும் கழற்றிவிடுகிறோம். தலைப்பு, தடித்த எழுத்து, பட்டியல், இணைப்பு ஆகியவை மட்டும் நிற்கும். சிவப்பில்தான் வேண்டும் என்றால் "முக்கியம்" என்ற பொத்தானை அழுத்துங்கள். வெள்ளைத் திரையில் எந்தச் சிவப்பு, கறுப்புத் திரையில் எந்தச் சிவப்பு என்பதைச் செயலி பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: சங்கத்தின் பழைய கோப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

கெடவில்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுக் குறியீடான யூனிக்கோட் பரவுவதற்கு முன் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தன் போக்கில் ஒரு குறியீட்டை வைத்திருந்தது. பாமினி போன்றவற்றில் ஆங்கில எழுத்துக்கு உரிய இடத்திலேயே தமிழ் வடிவத்தை உட்கார வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழ் தெரியும், இல்லாத இடத்தில் உள்ளே இருக்கிற ஆங்கில எழுத்து வெளியே வந்துவிடும். திஸ்கி, டாப், டாம் என்று வேறு குறியீடுகளும் இருந்தன.

யூனிக்கோடில் தமிழுக்கு 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் நம் கைக்கு வந்து பழக்கமாகப் பல ஆண்டுகள் ஆயின. அந்த வேலையில் மலேசியாவின் பங்கு பெரிது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கணினியில் தமிழ் எழுத உதவும் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். கைபேசியில் தமிழில் எழுத 2005-இல் செல்லினத்தைக் கொடுத்தவரும் அவரே. ஐபோனில் இருக்கும் தமிழ் சங்கம் எம்என் என்ற எழுத்துருவும் அவர் வடிவமைத்ததுதான்.

பழைய கோப்பை எங்களுக்கு அனுப்பும்போது எந்த எழுத்துருவில் அடித்தது என்பதையும் சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம். எழுத்துருப் பெயர் தெரியாவிட்டால் முதல் வரியில் என்ன எழுதியிருந்தது என்று நினைவிருந்தாலும் போதும்.

கேள்வி: முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் போடுகிறேன். "கொ" என்பதில் கொம்பையும் காலையும் சிவப்பாக, "க"வைக் கறுப்பாகக் காட்ட முடியுமா?

டீச்சர், இந்தக் கேள்வியில் நாங்கள் நான்கு நாள் உட்கார்ந்தோம். நேரான பதில்: எழுத்தாகவே வைத்துக்கொண்டு முடியாது. வேறு வழி இருக்கிறது.

கைபேசிக்குள் "கொ" எப்படிக் கிடக்கிறது என்று பாருங்கள். முதலில் "க" என்ற எண். அடுத்து ஒகரக் குறிக்கு ஓர் எண். அவ்வளவுதான், இரண்டே எண்கள். அந்த ஒகரக் குறியைத் திரையில் வரையும்போதுதான் கருவி அதை உடைத்துக் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்கிறது. உள்ளே ஒன்றாக இருப்பது வெளியே இரண்டு துண்டாகிறது, அதுவும் "க"வின் இரு பக்கத்திலும். எண்களை எழுத்து வடிவமாக அடுக்கித் தருகிற இந்த வேலையை ஆண்ட்ராய்டில் ஹார்ஃப்பஸ் என்ற கருவி செய்கிறது. அதற்கு "க"வும் குறியும் ஒரே கையில் போக வேண்டும். "க"வுக்கு ஒரு நிறம், குறிக்கு ஒரு நிறம் என்று நாம் நடுவில் பிரித்தால், பல இடங்களில் அவை தனித்தனியாகப் போய்ச் சேரும். தாயைக் காணாத குறி, புள்ளி வட்டத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு ◌ொ என்று நிற்கும். பிள்ளைகள் அதைப் பார்த்தால் குழம்பிவிடுவார்கள்.

தேடலில் வருவதும் இதே பிழைதான். யாரோ "க" என்று தேடினார், கிடைத்த இடத்தை எல்லாம் மஞ்சளாக்கச் சொல்லியிருந்தோம். "கொடி" என்ற சொல்லில் "க" மட்டும் மஞ்சளாகி, குறி பிரிந்து விழுந்தது. நிறம் போடும்போது தொடக்கமும் முடிவும் எப்போதும் முழு எழுத்தின் எல்லையில் இருக்க வேண்டும் என்று நிரலில் எழுதிய பிறகு சரியானது.

உங்கள் பாடத்துக்கு நாங்கள் செய்தது: பதினோர் உயிர்க்குறிகளையும் கோட்டோவியப் படமாக வரைந்து வைத்துவிட்டோம். "கொ" காட்ட வேண்டிய இடத்தில் மூன்று துண்டுகளை அடுக்குகிறோம், நிறம் உங்கள் விருப்பம். வாசித்துச் சொல்லும் கருவிக்காக அந்தப் படத்தின் பின்னால் "கொ" என்ற உண்மையான எழுத்தையும் வைத்திருக்கிறோம். மற்றப் பாடங்களுக்கு முழு எழுத்தையும் ஒரே நிறத்தில் போடுங்கள், சிக்கலே வராது.

கேள்வி: முகப்பில் வரும் சுருக்கம் பாதி எழுத்தில் நிற்கிறதே?

நின்றது, இப்போது நிற்காது. முதல் நூறு குறிகளை வெட்டிக் காட்டு என்று நிரலில் எழுதியிருந்தோம். தமிழில் ஒரு குறி ஓர் எழுத்து ஆகாது. "தமிழ்" என்று மூன்று எழுத்தாக நாம் படிக்கும் சொல் உள்ளே ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நான்காவதில் வெட்டினால் "தமிழ" என்று புள்ளி இல்லாமல் நிற்கும்.

நிரலருக்கு: ஸ்விஃப்ட் மொழியில் எழுத்துகளை எண்ணினால் அது முழு எழுத்தாகவே எண்ணும். டார்ட்டில் அதற்கென்று கேரக்டர்ஸ் என்ற தொகுப்பு இருக்கிறது. கோட்லினில் பிரேக்இட்டரேட்டர், ஜாவாஸ்கிரிப்டில் இன்டெல் செக்மென்டர். ஆனாலும் ஓர் இடத்தில் கவனம் வேண்டும். "ஸ்ரீ" நம் கண்ணுக்கு ஒரே எழுத்து. இந்தக் கருவிகளின் பொது விதியில் அது ஸ், ரீ என்று இரண்டு. நம் ஊரில் பாதிக் கோயில்களின் பெயரில் ஸ்ரீ இருக்கிறது.

எழுத்து எல்லை சரியானதோடு வேலை முடியவில்லை. ஒரு நாள் முகப்பில் இப்படி வந்தது: "இவ்வாண்டு பெற்றோர் ஆசிரியர் சங்கக் கட்டணம் கட்ட வேண்…" எழுத்து எதுவும் உடையவில்லை. ஆனால் வேண்டுமா, வேண்டாமா? தமிழில் வாக்கியத்தின் உயிர் கடைசிச் சொல்லில் இருக்கிறது. நடுவில் வெட்டினால் போவது அந்த உயிர்தான். ஆகவே இப்போது வாக்கியம் முடியும் இடத்தில் மட்டுமே வெட்டுகிறோம். அதைவிட நல்லது, அறிவிப்பு அனுப்பும்போது மேலே உள்ள கட்டத்தில் சுருக்கத்தை நீங்களே ஒரு வரியில் எழுதிவிடுவது. "இவ்வாண்டு கட்டணம் இல்லை" என்றால் முடிந்தது.

கேள்வி: #தைப்பூசம் என்று போட்டால் "#த" மட்டும்தான் நீலமாகிறது.

எழுத்து என்றால் உயிரும் மெய்யும் மட்டும் என்று யாரோ எழுதிய விதியின் விளைவு. யூனிக்கோட் கணக்கில் "த" எழுத்து வகை. அதன் மேல் ஏறும் ஐகாரக் குறியும் புள்ளியும் வேறு வகை, சேர்குறி. விதியில் இரண்டு வகையையும் சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டோம். பொறுமையாகப் படம் பிடித்து அனுப்பிய தங்கைக்கு நன்றி.

கேள்வி: நாங்களும் இப்படி ஒரு செயலி எழுதுகிறோம். செயலிக்குள்ளேயே இணையப் பக்கத்தைக் காட்டும் வெப்வியூ போடலாமா, அந்தந்தக் கைபேசியின் சொந்த எழுத்துக் கருவியையே பயன்படுத்தலாமா?

தம்பி, ஒரே ஒரு நீண்ட கட்டுரையைத் திறந்து காட்டுவதற்கு வெப்வியூ நல்லது. அட்டவணை, படம், நிறம் எதையும் அது தாங்கும். பட்டியலில் நாற்பது அறிவிப்புகள் வரிசையாக வரும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வெப்வியூ வைத்தால், மலிவுக் கைபேசி மூச்சு வாங்கும். உயரம் எவ்வளவு என்பது உள்ளே எல்லாம் வரைந்து முடித்த பிறகுதான் தெரியும் என்பதால் திரையும் குதிக்கும்.

சொந்தக் கருவி என்றால் ஆண்ட்ராய்டில் டெக்ஸ்ட்வியூவும் ஸ்பேனபிளும், புதிய காம்போஸ் முறையில் அனோட்டேட்டட்ஸ்டிரிங். எச்டிஎம்எல்லை நேரே கொடுத்தால் மாற்றித் தரும் வசதி டெக்ஸ்ட்வியூவுக்கு உண்டு. அது எல்லாக் குறிகளையும் அறியாது. பட்டியல் குறிகளே 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7-இல்தான் சேர்ந்தன, அட்டவணை கிடையாது, படத்தை நீங்களே எடுத்துக் கொடுக்க வேண்டும். ஐபோனில் பழைய என்எஸ்அட்ரிபியூட்டட்ஸ்டிரிங் எச்டிஎம்எல்லைப் படிக்கும். ஆனால் அந்த வேலை முதன்மை இழையில்தான் நடக்க வேண்டும், அதனால் திரை ஒரு கணம் உறையும். 2021-இல் ஐஓஎஸ் 15-உடன் வந்த அட்ரிபியூட்டட்ஸ்டிரிங் மார்க்டவுனைப் படிக்கும். ஸ்விஃப்ட்யூஐயின் டெக்ஸ்ட் அதிலிருந்து தடித்த எழுத்து, இணைப்பு போன்றவற்றைக் காட்டும், தலைப்பையும் பட்டியலையும் அதற்குரிய வடிவில் காட்டாது. ஃபிளட்டரில் ரிச்டெக்ஸ்டும் டெக்ஸ்ட்ஸ்பேனும், ரியாக்ட் நேட்டிவில் டெக்ஸ்டுக்குள் டெக்ஸ்ட்.

எங்கள் முடிவு இது. அறிவிப்பைத் துண்டுகளாகச் சேமிக்கிறோம்: இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல், இது படம். ஒவ்வொரு துண்டையும் சொந்தக் கருவி தனியாக வரைகிறது. பத்திக்குள் தடித்த எழுத்தும் இணைப்பும் மட்டும். வந்தவுடன் ஒரு முறை பிரித்துப் படித்து வைத்துக்கொள்கிறோம், திரையை உருட்டும்போதெல்லாம் படிப்பதில்லை. கூடவே நகை எதுவும் இல்லாத வெறும் எழுத்தையும் ஒரு பிரதி சேமிக்கிறோம். தேடலுக்கும் கைபேசி மணியடித்துச் சொல்லும் குறுஞ்சேதிக்கும் அதுதான் போகிறது. அறிவிப்புகளில் தொண்டர்கள் கேட்ட ஏறக்குறைய எல்லாமே இந்த நான்கு துண்டுக்குள் அடங்கிவிட்டன.

கேள்வி: மேல்வரியின் வாலும் கீழ்வரியின் சுழியும் இடிக்கின்றன, சில இடத்தில் வெட்டுப்படுகின்றன. ஏன்?

ஆங்கிலத்தை வைத்து அளந்த வரி உயரம். நம் எழுத்தில் மேலே புள்ளியும் இகர ஈகாரச் சுழியும், கீழே கு, மு, ழூ என்று வாலும் உண்டு. எழுத்தின் அளவைப் போல் ஒன்றரை மடங்காவது வரி உயரம் கொடுங்கள். வாசிக்க வசதியான இணைய எழுத்துக்கான டபிள்யூசிஏஜி நெறிமுறையும், வரி இடைவெளியை ஒன்றரை மடங்காக்கினாலும் பக்கம் குலையக் கூடாது என்கிறது. பொத்தானுக்கு நிலையான உயரம் வைப்பதை விட்டுவிடுங்கள், வெட்டுப்படுவது பெரும்பாலும் அங்கேதான்.

அடிக்கோடு போடாதீர்கள். கோடு "கு"வின் வாலை நடுவில் வெட்டிப் போகும், "று"வுக்கும் "ரு"வுக்கும் வேறுபாடு தெரியாமல் போகும். இணைப்பை நிறத்தோடு தடித்த எழுத்தாக்கி, பக்கத்தில் ஓர் அம்புக்குறி வையுங்கள். நிறம் பிரித்தறிய முடியாதவருக்கும் தெரியும். இரு ஓரமும் நேராக்குவதும் வேண்டாம். "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" போன்ற சொற்கள் உள்ள மொழி நம்முடையது. சிறிய திரையில் ஓரத்தை நேராக்கினால் சொற்களுக்கு நடுவே லாரி போகும் அளவு இடைவெளி விழும்.

தடித்த எழுத்துக்கு உண்மையான தடித்த வடிவம் உள்ள எழுத்துருவைச் செயலியோடு சேர்த்தே கொடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழில் இருக்கிறது. இல்லாவிட்டால் கருவி மெல்லிய எழுத்தின் மேல் மை பூசித் தடிக்கவைக்கும், சிறிய அளவில் ண, ன இரண்டின் சுழிகளும் அடைத்துக்கொண்டு ஒன்றுபோல் தெரியும்.

நம் அறிவிப்புகளில் தாமான் (குடியிருப்பு), ஜாலான் (சாலை) முகவரிகள் ரூமியில், அதாவது மலாய்க்கு வழங்கும் ஆங்கில எழுத்தில், வரும். தமிழுக்கும் ரூமிக்கும் வேறு வேறு எழுத்துரு போகும்போது ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் நிற்கும். இரண்டையும் ஒரே வரியில் வைத்து, கண்ணால் பார்த்து அளவைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் செயலி தாங்குமா?

தாங்க வேண்டும், அதற்காகத்தான் உழைக்கிறோம். 2023-இல் வந்த ஆண்ட்ராய்டு 14-இல் எழுத்தை 200 விழுக்காடு வரை பெரிதாக்கலாம். ஐபோனில் வெப்வியூ வைத்தால் கவனம்: கைபேசியில் வைத்த எழுத்தளவை அது தானாகக் கேட்காது, ஆப்பிளின் எழுத்துநடைப் பெயரை, இணையப் பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் சொன்னால்தான் கேட்கும்.

வாசித்துச் சொல்லும் டாக்பேக், வாய்ஸ்ஓவர் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொன்று. தடித்துப் பெரிதாக எழுதினால் மட்டும் அது தலைப்பு ஆகாது, "இது தலைப்பு" என்று நிரல் சொல்ல வேண்டும். சொன்னால் அவர்கள் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவி வேண்டியதைப் பிடிப்பார்கள். ஒரே அறிவிப்பில் தமிழும் மலாயும் இருந்தால் எந்தப் பகுதி எந்த மொழி என்றும் குறியுங்கள். இல்லாவிட்டால் மலாய்க் குரல் தமிழை வாசிக்க முயலும், அல்லது தமிழை மௌனமாகத் தாண்டிவிடும்.

கேள்வி: கௌரி என்று தேடினால் அவர் அறிவிப்பு வரவில்லை. ஆனால் இருக்கிறது.

அனுப்பியவர் "கெ" போட்டுப் பக்கத்தில் "ள" போட்டு "கெளரி" என்று அடித்திருக்கிறார். கண்ணுக்கு ஒன்று, கைபேசிக்கு இரண்டும் வேறு. "ஔவை"க்கும் இதே கதி, "ஒ"வும் "ள"வுமாக "ஒளவை" என்று வரும். ஒகரக் குறியையே சிலர் கொம்பும் காலுமாகத் தனித்தனியாக அடிப்பார்கள். ஒரே எழுத்தின் வெவ்வேறு அடிப்புகளை ஒன்றாக்கும் யூனிக்கோடின் ஒருமையாக்கம் அதைச் சரிசெய்துவிடும். "கெள" விஷயத்தை அது தொடாது, ஏனென்றால் "ள" உண்மையான எழுத்து. தேடும்போது இரண்டு வடிவத்தையும் பார்க்கும்படி நாங்களே எழுதிக்கொண்டோம்.

கேள்வி: அட்டவணை போடலாமா?

இரண்டு நெடுவரிசை என்றால் போடலாம். அதற்கு மேல் வேண்டாம். பள்ளி வேன் நேரத்தை ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வரியாக எழுதினால் எல்லாருக்கும் தெரியும்.

கேள்வி: கைபேசி மணியடித்து வரும் குறுஞ்சேதியில் முழு அறிவிப்பையும் அனுப்பக்கூடாதா?

அங்கே நகை எதுவும் ஏறாது, இடமும் குறைவு. கூகுள், ஆப்பிள் இரண்டும் ஒரு சேதிக்கு ஏறக்குறைய 4,096 பைட் தருகின்றன. தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், "தமிழ்" என்ற சொல்லே 15 பைட். மற்றத் தகவல்களும் அதற்குள்தான் இருக்க வேண்டும். நீங்கள் எழுதிய ஒரு வரிச் சுருக்கம் மட்டும் போகும்.

கேள்வி: நான் அனுப்பிய இணைப்பை ஏன் நீக்கினீர்கள்?

யார் எழுதினாலும் செயலிக்குள் நிரல் ஓட விடமாட்டோம். அனுமதித்த குறிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வாங்கும் இடத்திலேயே கழற்றிவிடுகிறோம். இணைப்பு என்றால் பாதுகாப்பான இணைய முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் மூன்றுதான். முகவரியை மறைத்து "இங்கே தொடவும்" என்று எழுதினால் ஏற்பதில்லை; எங்கே போகிறது என்று பெரியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏமாற்றுச் சேதிகள் நம் ஊருக்கும் வருகின்றன. நன்கொடை அறிவிப்பில் வங்கிக் கணக்கு எண்ணைத் தொலைபேசி எண் என்று நினைத்து நீலமாக்கியதும் ஒரு முறை நடந்தது. அதற்கு "கணக்கு எண்" என்று தனிக் கட்டம் இருக்கிறது. அதில் போட்டால் தொட்டவுடன் நகலெடுக்கும், யாரையும் அழைக்காது.

கேள்வி: கல்யாணப் பத்திரிகைக்குப் பூ வேலைப்பாடு உள்ள ஓரம் வேண்டுமே?

இருக்கிறது. மாவிலைத் தோரணம், வாழை மரம், கோலம் என்று மூன்று ஓரங்கள் வரைந்து வைத்திருக்கிறோம். அவை எழுத்துக்கு வெளியே நிற்கும், எழுத்தைப் பெரிதாக்கினால் ஓரமும் கூடவே நீளும். மணமக்கள் பெயர், முகூர்த்த நேரம், மண்டபம், முகவரி நான்கையும் தனித்தனிக் கட்டத்தில் நிரப்புங்கள். திருமணத்துக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பு அனுப்பினால், பாட்டி தாத்தா பெயர்களில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று உங்களுக்கே ஒரு முறை திரையில் காட்டிவிட்டுப் போடுகிறோம்.